தலைக்கு மேலே சன்னல்

என் பேத்திக்கு,

நான் பாத்திரம் தேய்த்த தேவாலயக் குருமனைக்கே நீ குருவாகப் போயிருக்கிறாய். என்னையும் அங்கே வந்து இருக்கச் சொல்கிறாய்.

சமையலறைச் சன்னல்களை ஏன் தலைக்கு மேலே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாயே, தோட்டம் எங்கள் கண்ணில் படக் கூடாதென்றுதான்.

எனக்குப் பதினான்கு வயது. வேலைக்காரப் பெண்களெல்லாம் பூவோடு தாயைப் பார்க்கப் போகும் அன்னையர் ஞாயிறு. தோட்டத்தில் டாஃபடில் பூ விரிந்ததா என்று முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தேன். குருவின் மனைவி திருமதி ஆஷ்க்ராஃப்ட் வந்துவிட்டாள்.

“குரங்காடி நீ? இறங்கு! இன்னிக்கு நீ வீட்டுக்குப் போக வேணாம்.”

அம்மா இருட்டும்வரை வாசலில் நின்றாளாம். அறுபத்தெட்டு வருஷமாகியும் அந்தச் சீமாட்டியை நான் மன்னிக்கவில்லை.

பாரம்பரியக் கட்டடம், சன்னலைத் தாழ்த்த அனுமதியில்லை என்று எழுதியிருக்கிறாய். வாதாட எனக்குத் தெம்பில்லை. இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரு முழுக்கத் தெரிகிறது. நான் வரவில்லை, கண்ணு.

உன் பாட்டி