வாய்விட்டுச் சொல்லாத இரண்டு வரி

ஆல்டர்ஃபென்,
3 டிசம்பர் 1956

அன்புள்ள அம்ப்ரோஸுக்கு,

கெசையா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் சுகம். குரோமரில் கடற்காற்று உங்கள் மார்புக்கு ஒத்துக்கொள்கிறதா? உங்கள் அக்கா சூப்பில் மிளகு போடுகிறார்களா? கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன்.

இங்கே பத்து நாளாக மூடுபனி. தேவாலயக் கோபுரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேலே மணிச்சத்தம் மட்டும்தான்.

கோபித்துக்கொண்டு போன இடத்திலிருந்தும் இந்த வருஷப் பாண்டமைமை, நம் பண்டிகைக் காலச் சிரிப்பு நாடகத்தை, எழுதி அனுப்பினீர்களே, ஊரே நன்றி சொல்கிறது. கொல்லர் பார்னபி பாவாடை கட்டிச் சமையல்காரியாகி வாத்துக்கு முத்தம் கொடுக்கிறார். தபாலாபீஸ் டோர்காஸ்தான் வழக்கம்போல தேவதை. மண்டபத்துத் திரை இன்னும் ஒரு முழம் குட்டைதான். நான் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் மூலை இடது ஓரத்து பெஞ்சுப் பிள்ளைகளுக்கு முழுசாகத் தெரிகிறது.

ஒரு விஷயம். கடைசி இரண்டு வரியை முதல் ஆட்டத்துக்கு முன் வாய்விட்டுச் சொன்னால் நாடகம் விளங்காது என்ற பழைய நம்பிக்கையால், ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் டோர்காஸ் மந்திரக்கோலை மட்டும் ஆட்டுவாள், நாங்கள் வீட்டுக்குப் போவோம். அதனால் யாரும் கவனிக்கவில்லை. முந்தாநாள் பிரதியைப் புரட்டினேன். அந்த இரண்டு வரி அதில் இல்லை. தாள் வெள்ளையாக இருக்கிறது, வெளியே இருக்கும் பனியைப் போல.

மறந்துவிட்டீர்களா? அனுப்பிவையுங்கள்.

உங்கள்
கெசையா


குரோமர்,
8 டிசம்பர் 1956

கெசையாவுக்கு,

காலுறை வந்தது. சூப்பில் மிளகு இல்லை.

மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். பதினான்கு வருஷம் நான் எழுதினேன். பதினான்கு வருஷமும் நீ மூலையில் உட்கார்ந்து, என் வரியை மாற்றி உன் வரியை அவர்களுக்கு எடுத்துக்கொடுத்திருக்கிறாய். ஊர் சிரித்தது உன் வரிக்கு. தொப்பியைக் கழற்றி வணங்கியது நான். அதை பார்னபி மதுக்கடையில் வைத்துச் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? "உன் பெண்டாட்டி ஒட்டுப்போட்ட சட்டையத்தான்யா இத்தனை வருஷமா புதுசுன்னு மாட்டிக்கிட்டுத் திரியுற" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்த இரண்டு வரியை நீயே எழுதிக்கொள்.

அம்ப்ரோஸ்


ஆல்டர்ஃபென்,
27 டிசம்பர் 1956

அன்புள்ள அம்ப்ரோஸுக்கு,

பிறப்புப் பண்டிகை அமைதியாகக் கழிந்தது. புட்டிங்கில் உங்கள் பங்கை எடுத்து மூடி வைத்திருக்கிறேன். அது கெடாது.

பழைய பிரதிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நான் மாற்றியவை நூற்றுப்பதினாறு வரி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் வருஷம் டோர்காஸ் தடுமாறியபோது அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மண்டபம் சிரித்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீங்கள் சீட்டியடித்துக்கொண்டு வந்தீர்கள். அந்தச் சீட்டியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவள் இதை எப்படிச் சொல்வேன்? கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். முதலில் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து ஒரு கனவு கண்டேன். சமையலறை நிறையப் பனி. நீங்கள் மேசையில் எழுதுகிறீர்கள். எழுத்துகள் வாத்திறகு போல எழும்பி எழும்பிப் போகின்றன. நான் ஏப்ரனை விரித்துப் பிடிக்கிறேன். அதில் ஒன்றும் விழவில்லை.

விழித்ததும் எழுதியது இது. எழுதினால் வாய்விட்டுச் சொன்னதாகாது என்று நினைக்கிறேன்.

மூடுபனி விலகட்டும், பாதை தெரியட்டும்;
போனவர் வந்தால் விளக்கு எரியட்டும்.

உங்களுடையதை நான் கேட்காமல் திருத்தினேன். இதை நீங்கள் திருத்துங்கள். முதல் ஆட்டம் ஜனவரி ஒன்பது, புதன், அரைநாளோடு கடையடைத்த பிறகு மூன்று மணிக்கு.

உங்கள்
கெசையா


ஆல்டர்ஃபென்,
10 ஜனவரி 1957

அன்புள்ள அம்ப்ரோஸுக்கு,

உங்களிடமிருந்து பதில் வராததால், நேற்றுக் காலை என் வரியையே டோர்காஸிடம் எழுதிக்கொடுத்தேன்.

ஆட்டம் நன்றாகப் போனது. கதையின் கெட்டவன் சதுப்பு ராஜா செத்து மூட்டைக்குள் போனான். அட்டை மேகம் ஆடிக்கொண்டே இறங்கியது, இறகுகள் பறந்தன. டோர்காஸ் கோலைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. ஒருதரம்கூடச் சொல்லிப் பழகாத வரி. எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நான். நான் பிரதியை மடியிலேயே மூடி வைத்துக்கொண்டேன். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் நீங்கள் வரவில்லை என்பது உறுதியாகிவிடும் போல இருந்தது.

அப்போது இடது பெஞ்சுப் பிள்ளைகள், கெட்டவன் பதுங்கி வரும்போதெல்லாம் கத்துவதைப் போலவே கத்த ஆரம்பித்தார்கள். "பின்னாடி! பின்னாடி பாரு!"

பார்னபி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அடேய், கெட்டவன்தான் செத்துட்டானே. இனிமே பின்னாடி யாருடா வருவா?" என்றார்.

"கெசையா அத்தைக்குப் பின்னாடி!"

திரும்பினேன். கோட்டெல்லாம் பனித்துளியோடு நீங்கள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் குனிந்து டோர்காஸுக்கு வரியை எடுத்துக்கொடுத்தீர்கள். நான் எழுதியது 'வந்தால்'. நீங்கள் சொன்னது 'வரும்வரை'.

போனவர் வரும்வரை விளக்கு எரியட்டும்.

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. மறுபடி திரும்பிப் பார்த்தபோது கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்தேகால் பஸ் போகும் சத்தம் கேட்டது. பார்னபி பாவாடையோடு ரோடு வரை ஓடிப்போய் வந்தார். மதுக்கடையில் பேசியதற்காக உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

பிரதியில் என் சொல்லை அடித்துவிட்டு உங்களுடையதை மையால் எழுதிவிட்டேன். அதுதான் சரியான சொல். நூற்றுப்பதினாறுக்கு எதிரே ஒன்று வந்திருக்கிறது. மற்றவற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மறு ஆட்டம் சனிக்கிழமை, அதே மூன்று மணி. என் மூலையில் இரண்டாவது நாற்காலி ஒன்று போட்டிருக்கிறேன். இடது பெஞ்சுப் பிள்ளைகள் இப்போதே அதைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

சமையலறை ஜன்னலில் விளக்கு எரிகிறது, பகலிலும்.

உங்கள்
கெசையா