கட்டில் இல்லாத ஆஸ்பத்திரி

2 பிப்ரவரி 1994, இராஜபாளையம்

நாளை விடியக்கருக்கலில் பஸ். திருவனந்தபுரத்தில் பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இவர் நாலாவது டாக்டர். முன்னால் பார்த்த மூன்று பேரும் ஊசி, மாத்திரை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் "மனசை லேசா வச்சுக்கோங்க" என்றார்கள். வீட்டுக்கு முன்னால் தறி ஓடுகிறது, பின்னால் பேண்டேஜ் துணி மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது, நடுவில் பலகை அடித்துத் தடுத்த இடம்தான் எங்கள் அறை. பலகைக்கு அந்தப் பக்கம் அத்தை, இவரைப் பெற்றவர், இருமினால் இந்தப் பக்கம் இவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். இதில் எதை லேசாக வைப்பது?

இவர், இவர் என்றே எழுதுகிறேன். குருசாமி. எழுதியாச்சு. கை ஒன்றும் அழுகிவிடவில்லை.

3 பிப்ரவரி, கோவளம்

கடலுக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

டாக்டர் வீட்டு வாசலிலேயே காவல்காரர் சொல்லிவிட்டார், டாக்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரம்தான் வருவார் என்று. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினோம். ஊருக்கு ஏற வேண்டியதுதான் பாக்கி. டீக்கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. கடற்கரையில் எட்டே அறை உள்ள ஓட்டலாம், ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறமாம். ஆறு வருஷமாக நான் இவரிடம் எதையும் கேட்டதில்லை. இன்றைக்கு என் வாய் தானாகக் கேட்டது: "போவோமா?"

இவர் எனக்குக் கிறுக்குப் பிடித்ததா என்பது போலப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, எதிரே இருந்த பூத்துக்குள் நுழைந்து, அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு அறை சொல்லிவிட்டார். அடுத்து ஊருக்குச் சொல்ல வேண்டுமே. எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார ராஜு அம்மா எடுத்து, தன் பாஷையிலேயே ஏதோ சொல்லிவிட்டு அத்தையைக் கூப்பிடப் போனார். அத்தை குரலைக் கேட்டதும் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான்தான் ரிசீவரைப் பிடுங்கினேன்.

"அத்தை, டாக்டரு மூணு நாளைக்கு ஆஸ்பத்திரியில படுக்கச் சொல்லிட்டாரு. ஊசி போடணுமாம்."

"ஏட்டி, பயந்துக்கிட்டா இருக்கே? நான் கிளம்பி வாரேன்."

"வேண்டாம் அத்தை. உள்ள யாரையும் விட மாட்டாவளாம்."

பொய் இவ்வளவு சரளமாக வருமா எனக்கு? அத்தை அழுததுதான் போனில் கடைசியாகக் கேட்டது.

4 பிப்ரவரி

எங்கள் அறை நீலம். கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. இவர் முதலில் அந்த வலைத்துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "நம்ம துணியவிட நெருக்கம் கூட" என்றார். எங்கே போனாலும் தறிக்காரர் தறிக்காரர்தான். தறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று வேறு புலம்பினார்.

ஓட்டல்கார அம்மா மலையாளி. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களா என்று கேட்டார். இவர் "ஆமா" என்று சொல்லிவிட்டார்! அந்த அம்மா போனதும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்கள் வீட்டில் வாயைப் பொத்தாமல் சிரித்ததே இல்லையே, பழக்கம் போகவில்லை.

மற்ற அறைகளில் எல்லாம் வெள்ளைக்காரர்கள். காலையில் ரொட்டியும் பப்பாளியும். இவர் இட்லி உண்டா என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்.

5 பிப்ரவரி

கடலில் இறங்கினோம். இவர் என் கையைப் பிடித்து, பெயரைச் சொல்லி, "மாரி, மாரி, அலை வருது" என்று கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

6 பிப்ரவரி

அத்தை இந்நேரம் சாப்பிட்டிருப்பாரா? நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அதுதான் நினைப்பாக வருகிறது. பையை உதறி உதறி மணலைத் தட்டினேன். போகவே மாட்டேன் என்கிறது.

7 பிப்ரவரி, இராஜபாளையம்

வாசலிலேயே நிறுத்தி ஆரத்தி எடுத்தார் அத்தை. "எம்புட்டுக் கறுத்துப் போயிட்டா பாரு, ஊசி மருந்து உஷ்ணம்" என்று ராஜு அம்மாவிடம் சொன்னார். கறுத்தது கடற்கரை வெயிலில்.

மூன்று நாளும் அவர் ஒருவேளைதான் சாப்பிட்டாராம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற மலைமேல் இருக்கும் சீனிவாசப் பெருமாளுக்கு நேர்ந்திருக்கிறார். என் வயிற்றில் ஒன்று தங்கினால் புரட்டாசிச் சனிக்கிழமை மலையில் மொட்டை போட்டுக்கொள்வாராம். அத்தைக்கு இந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. மாமா போன பிறகு அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அதோடு விட்டாரா? மருந்து வேலை செய்ய வேண்டும் என்று ஒரு மண்டலம் பத்தியம். புளி இல்லை, காரம் இல்லை, மூன்று வேளையும் பூண்டு. இவர் தறிக்கூடத்தில் படுக்க வேண்டும், நான் அத்தை பக்கத்தில். இவர் என்னைப் பார்க்க, நான் இவரைப் பார்க்க, இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். என்ன சொல்லித் தப்பிப்பது?

19 மார்ச்

தள்ளிப்போயிருக்கிறது. போன மாதமே தள்ளிப்போனது. பூண்டால் வயிறு கெட்டிருக்கும் என்று இருந்தேன். இன்று நர்ஸம்மா பார்த்துவிட்டு உறுதியாகச் சொன்னார்.

அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்: "ஊர்லருந்து வந்த நாள்லருந்து ரெண்டும் தனித்தனியாத்தான் படுத்துச்சு. அப்ப அது டாக்டரு மருந்துதானே?" மறுத்துப் பேச இடமே இல்லாத கணக்கு. நாங்கள் முகத்தைக்கூடப் பார்க்காத டாக்டர் எங்கள் தெருவில் தெய்வமாகிவிட்டார்.

11 ஜூன்

வெள்ளத்தாய் வந்திருந்தாள். இவருடைய தங்கை. தளவாய்புரத்தில் கொடுத்திருக்கிறது. அவளுக்கும் ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. அவள் மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். அத்தை நேரே போய்ச் சம்பந்தி காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார்: "ஒரே ஒரு தடவை திருவனந்தபுரம் போயிட்டு வரட்டும். எம் மருமகளுக்குப் பலிச்ச கை. அங்கேயும் ஆகலைன்னா உங்க இஷ்டம்." சம்பந்தியும் சரி என்றாராம்.

அங்கேயும் ஆகலைன்னா உங்க இஷ்டம். இந்த வாக்கைக் கொடுக்க வைத்தது யார்? நான்.

12 ஜூன்

வெள்ளத்தாய் என் காலடியில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றிக்கொண்டே கேட்டாள். "மதினி, அவரு என்னல்லாம் கேப்பாரு? ஊசி ரொம்ப வலிக்குமா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பலகைக்கு அந்தப் பக்கம் அத்தை இருந்தார். "வலிக்காது" என்றேன். போதாதென்று, "நல்ல மனுஷன், தன்மையாப் பேசுவாரு" என்றும் சேர்த்தேன். அடிப்பாவி!

கூட வாருங்கள் என்றாள். மசக்கையில் பஸ் ஏற முடியாது என்று இவர் சொல்லித் தப்பிக்க வைத்தார். அதுவும் பொய். மசக்கை போய் ஒரு மாதம் ஆகிறது.

2 ஜூலை

வெள்ளத்தாயும் அவள் வீட்டுக்காரர் ஐயாதுரையும் போய்வந்துவிட்டார்கள். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து, இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிட்டாராம். பிறவியிலேயே கர்ப்பப்பை சரியாக வளரவில்லை. மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. நல்ல டாக்டர்தான், பொய் சொல்லத் தெரியவில்லை.

4 ஜூலை

வெள்ளத்தாய் ட்ரங்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்தாள்.

"மதினி, உங்களுக்குக் கொடுத்த ஊசியவே எனக்கும் போடச் சொல்லிக் கேட்டேன். எங்க மதினி இங்க மூணு நாளு படுத்துக் கிடந்தாவன்னு சொன்னேன். அங்க இருந்த நர்சு சிரிச்சிட்டா. அது டாக்டரு வீடு மதினி. பாக்க மட்டுந்தான். அங்க கட்டிலே கிடையாது."

"அண்ணன்கிட்ட கேக்கல, அம்மாகிட்ட சொல்லல" என்றாள். "பொறவு எங்கதான் இருந்தீய?"

சொன்னேன். எல்லாவற்றையும். நீல அறை, கொசுவலை, அலை. அவள் திட்டுவாள், அறைவாள், அம்மாவைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "அண்ணன் உங்கள பேரு சொல்லியா கூப்பிட்டாவ?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை.

10 ஜூலை

இவர் தளவாய்புரம் போய்ப் பேசிப் பார்த்தார். "எங்கம்மாவ மீற முடியாது மச்சான். பெரிய டாக்டரே சொன்ன பொறவு என்ன செய்ய?" என்றாராம் ஐயாதுரை. ஆவணியில் கல்யாணம். டாக்டரிடம் போகாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு வருஷம் இப்படி அப்படி என்று ஓட்டியிருப்பாள். நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

"நாந்தானே அறை சொன்னேன்" என்கிறார் இவர். இவர் அறைதான் சொன்னார். ஆஸ்பத்திரி சொன்னது நான்.

18 ஜூலை

சொல்லிட்டேன். அத்தைகிட்ட சொல்லிட்டேன்.

வெள்ளத்தாய் சாப்பிட உட்கார்ந்தாள். அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு, "ஒரே டாக்டரு, ஒரே மருந்து. இவளுக்குப் பிடிச்சது, ஒனக்குப் பிடிக்கலைன்னா ஒன் ராசி அப்படி. எந்தப் பாவத்தப் பண்ணித் தொலைச்சியோ" என்றார். பெற்ற தாய். வெள்ளத்தாய் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதைத்தான் என்னால பார்க்க முடியல.

"அத்தை, நாங்க அந்த டாக்டரப் பாக்கவே இல்ல. எனக்கு யாரும் ஊசி போடல. கடற்கரையில ஓட்டல்ல இருந்தோம். நாந்தான் போவோம்னேன், நாந்தான் பொய் சொன்னேன்."

அத்தை என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "நான் இங்க மூணு நாளா ஒருவேளை கஞ்சி குடிச்சிட்டுக் கிடந்தேன்" என்றார். யாரிடமோ சொல்வது போல. பிறகு எழுந்து வெள்ளத்தாயின் தட்டில் மோரை ஊற்றினார்.



20 செப்டம்பர்

இரண்டு மாதமாக அத்தை என்னிடம் நேரே பேசுவதில்லை. "மருந்து குடிச்சாளான்னு கேளு", "அவளப் படுக்கச் சொல்லு" எல்லாம் வெள்ளத்தாய் வழியாகத்தான். வேளைக்குச் சோறு வருகிறது, பால் வருகிறது. பேச்சு மட்டும் இல்லை.

மொட்டை வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள் என்று இவரைக் கெஞ்சினேன். இவர் கேட்டதற்கு அத்தை சொன்னாராம்: "பொய் சொன்னது அவ. சாமியா சொன்னுச்சு? தங்கிச்சில்ல, நேர்ந்தது நேர்ந்ததுதான்."

24 செப்டம்பர்

இரண்டாம் சனிக்கிழமை. மலையடிவாரத்தில் ஊரே திரண்டிருந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாது என்று என்னைக் கீழே பந்தலில் விட்டுவிட்டார்கள். மொட்டை போடுகிற இடமும் கீழேதான். அத்தை முண்டாசுத் துண்டு ஒன்றை வெள்ளத்தாயிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. பார்க்காதே என்றது மனசு. பார்த்தேன், முழுக்கப் பார்த்தேன். அதையாவது செய்ய வேண்டாமா?

வெள்ளத்தாய்தான் சந்தனம் பூசிவிட்டாள்.

1 நவம்பர்

ஆண் பிள்ளை. பெருமாள் பெயர்தான், சீனிவாசன். அத்தை வாங்கி, முதலில் வெள்ளத்தாய் கையில் கொடுத்தார்.

14 பிப்ரவரி 1995

சீனியைக் குளிப்பாட்டுவது வெள்ளத்தாய். உறங்க வைப்பது வெள்ளத்தாய். காய்ச்சல் வந்தால் விழித்திருப்பதும் அவள்தான். நான் தூக்கினால் அழுகிறான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. அவளிடமிருந்து பிடுங்குவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

9 ஆகஸ்ட்

தளவாய்புரத்தில் ஐயாதுரைக்குப் பெண் குழந்தையாம். வெள்ளத்தாய் கேட்டுவிட்டு, "அப்படியா" என்றாள். அன்றைக்கு வழக்கத்தைவிட நிறைய பேண்டேஜ் சுற்றினாள்.

17 டிசம்பர்

சீனி இன்று அம்மா என்றான்.

நானும் வெள்ளத்தாயும் எதிரெதிரே உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தோம். சுவரைப் பிடித்து எழுந்தவன், தத்தித் தத்தி என்னைத் தாண்டிப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ம்மா" என்றான். தெளிவாக. இரண்டு தடவை.

வெள்ளத்தாய் சுற்றிய துணியைக் கீழே போட்டாள். "ஏலே, நான் அத்தை. அத்தைன்னு சொல்லு. அம்மா அங்க இருக்கா பாரு" என்று அவன் முகத்தை என் பக்கம் திருப்பினாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"இருக்கட்டும் வெள்ளத்தாய்," என்றேன். "அப்படியே கூப்பிடட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நூலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவள் அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து என் பக்கத்தில் தம்ளரை வைத்தார். முண்டாசு இல்லை, முடி காதளவு வளர்ந்திருக்கிறது. "ஏட்டி, காப்பி ஆறுது. குடி" என்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் நேராக.

மத்தியானம் சீனி பாலுக்கு அழுதான். அதற்கு என்னிடம்தான் வர வேண்டும். வயிறு நிறையக் குடித்தான். குடித்து முடித்ததும் திரும்பி அவளிடம் கையை நீட்டினான்.

கொடுத்தேன்.