இரண்டாவது மேரி

இன்று காலை அலுவலகத்தில் அறை மாற்றினோம். இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய படிவக் கட்டு ஒன்றை இழுத்தபோது உப்பு ஈரமும் கப்பல் டீசலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. மேல் தாளில் உன் கையெழுத்து. ஆட்கள் மேசையைத் தூக்க வந்து நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

எலிக்காய்ச்சலுக்கு இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று பார்க்கும் ஆய்வு அது. நீ லாங் ஐலண்ட் சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் போர்ட் பிளேரில் ஆய்வுத் தகவல்களைக் கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பவள். நீ எழுதும் தாள்கள் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, கப்பலேறி, ஃபீனிக்ஸ் பே துறைமுகம் வந்து, என் மேசையைத் தொடுவதற்குள் உன் நோயாளி காய்ச்சல் தீர்ந்து கடலுக்குப் போயிருப்பார். கடல் கொந்தளித்தால் கப்பலே வராது. அதனால்தான் டேப்லெட் கணினியில் படிவம் செய்துகொண்டு உன்னிடம் வந்தேன். ஒரே பகலில் பழகிக்கொண்டாய். “படா ஆராம் ஹை பா, கை வலியே இல்ல” என்றாய்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மதியம் போன் செய்தாய். சிக்னலுக்காக ஜெட்டி முனை வரைக்கும் நடந்திருந்தாய். மூச்சு வாங்கியது.

“என் ரெண்டாவது மேரி எங்க? லிஸ்ட்ல காணோம்.”

“அது டூப்ளிகேட். கம்ப்யூட்டரே எடுத்துடுச்சு” என்றேன், பெருமையாகத்தான்.

“டூப்ளிகேட்டா? அரே, அந்தம்மா என் பெஞ்ச்ல உக்காந்து டீ குடிக்குது!”

ஒரே பெயர், ஒரே வயது, ஒரே ஊர் என்றால் ஒரே ஆள் என்று விதி எழுதியவள் நான். உன் தீவில் நாற்பது வயதில் இரண்டு மேரிகள் இருந்தார்கள், நாத்தனார்கள். இரண்டாவது மேரிக்கு மருந்தால் உடம்பெல்லாம் தடித்திருந்தது. முந்தின நாளே நீ அதைப் பதிந்திருந்தாய். கணினியோ இருவரையும் ஒன்றாக்கி, முதல் மேரியின் ‘தொந்தரவு எதுவும் இல்லை’ என்ற பதிவை அதன்மேல் எழுதிவிட்டது. டாக்டருக்குப் போக வேண்டிய எச்சரிக்கை போகவே இல்லை. திரையில் ‘மருந்தைத் தொடரவும்’ என்றுதான் இருந்தது.

“நீ மருந்தைக் கொடுத்துட்டியா?” என்றேன்.

“கொடுப்பேனா? மூஞ்சி வீங்கியிருக்கு. கண்ணு இருக்குல்ல எனக்கு. நிறுத்திட்டேன். நீ டாக்டரைக் கூப்பிடு, ஜல்தி.”

டாக்டர் அன்றே வேறு மருந்து சொன்னார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. விதியைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்று உன்னிடம் சொன்னேன். நீ ஒப்பவில்லை.

“இதே ஃபாரம் இன்னும் எத்தனை தீவுல ஓடுது? அங்கயும் ரெண்டு மேரி இருக்க மாட்டாங்களா? நடந்ததை மேல எழுதிக் கொடு. நானும் கையெழுத்து போடுறேன்.”

தப்பு என்னுடையது. உன் கையெழுத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் போட்டாய். ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழு துருவித் துருவிக் கேட்டது, ஆனால் ஆய்வை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து எங்கள் கணினி யாரையும் தானாக ஒன்றாக்குவதில்லை; நேரில் பார்த்த நர்ஸைத்தான் கேட்கும். உடம்பு தடித்தது என்று பதிந்தால், சிக்னல் கிடைத்த உடனே டாக்டரின் போனில் ஒலிக்கும். எந்த மருந்து நல்லது என்று ஆய்வு முடிவு வந்த நாளில் நாம் அபர்டீன் பஜாரில் ஜிலேபி தின்றோம்.

பிறகு உனக்கே நோய் வந்தது. கடல் தாண்டி மெயின்லேண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மருந்து ஆய்வில் சேர்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குப் போன் போட்டுச் சிரித்தாய்.

“இப்ப நானும் ஒரு நம்பர் பா. பதினாறு பக்கம், பூரா படிச்சிட்டுத்தான் சைன் பண்ணேன். ஃபாரம் டீக் ஹை, குறை இல்ல. வலி எவ்வளவுன்னு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லணுமாம். எனக்கு வலி பரவால்ல, சோத்து வாசனைதான் ஆகல. அதைச் சொன்னா எழுத இடமில்லங்குது ஃபாரம் நிரப்புற பொண்ணு.”

அதுதான் நாம் கடைசியாக நிதானமாகப் பேசியது. அந்த மருந்து உன்னைக் காப்பாற்றவில்லை.

உன் காரியம் முடிந்த வாரமே, எங்கள் படிவங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘நோயாளி சொன்னது, அவர் வார்த்தையிலேயே.’ எண்ணிக் கூட்ட முடியாததை வைத்து என்ன செய்வது என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். சண்டை போட்டேன். நான் சண்டை போட்டதை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து மாத்திரை பற்றி ஆய்வு நடக்கிறது. மாத்திரை போட்டால் மீன் வாடை தாங்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். அதே வாரம் வேறு இரண்டு தீவுகளிலும் அதே பேச்சு. மூன்றும் என் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. டாக்டரிடம் காட்டினேன். சமையல் முடிந்தபிறகு போட்டுக்கொள்ளச் சொல்லலாம் என்றார். விட்டவர்கள் மறுபடி போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

காலையில் கணினியைத் திறந்ததும் எண்களுக்கு முன்னால் அந்தக் கட்டங்களைத்தான் படிக்கிறேன். நேற்று ஒரு கர்ப்பிணி, ‘இன்னிக்கு நானே கேட்டு ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன், எழுதிக்கோ’ என்று சொல்லியிருந்தாள். உனக்குக் கேட்கட்டும் என்று வாய்விட்டுப் படித்தேன்.