பச்சோந்திக்குக் கட்டிய கூண்டு

மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து
ஆகஸ்ட் 6, வியாழன்

சௌபாக்கியவதி தமயந்திக்கு,

ஆசீர்வாதம். இங்கே நானும் வெற்றியும் மருமகள் ஸ்வர்ணாவும் பேத்தி பிரணவியும் சௌக்கியம். அங்கே டொரண்டோவில் நீயும் நம் கௌரியும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்த வீடியோவில் இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். பெண்டாட்டியிடம் தனியாகப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. உறை கௌரி கையில் கிடைத்தாலும் பயமில்லை. என் கிறுக்கலைப் படிக்கிற பொறுமை அவளுக்கு என்றைக்கும் கிடையாது.

பிரணவிக்குப் பத்தாவது பிறந்தநாள் வருகிறது அல்லவா, பச்சோந்தி வேண்டுமாம். நாய், பூனை என்றால் ஸ்வர்ணாவுக்குத் தும்மல். முடி உதிராத, சத்தம் போடாத பிராணி என்று தேடி இதில் வந்து நின்றார்கள். விளக்கு, சூடு, ஒயர் என்று பேச்சு வந்ததும், முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவன் வீட்டில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன். காரணம், வெற்றி சொன்ன ஒரு வார்த்தை. இது செட் ஆகட்டும்ப்பா, அப்புறம் ஊருக்கு டிக்கெட் போட்டுடறேன் என்றான்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நூலகத்திலிருந்து அமெரிக்கப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கண்ணாடித் தொட்டி ஆகாது, நாலு பக்கமும் வலை அடிக்க வேண்டும். மேலே சூட்டுக்கு ஒரு விளக்கு, வெயிலுக்குப் பதிலாக ஒரு அல்ட்ரா வயலட் விளக்கு, இரண்டும் நேரத்துக்கு அணைய டைமர். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதற்குக் குடிக்கத் தெரியாதாம், இலையில் தெளித்தால் நக்கிக் குடிக்குமாம். அதற்காக உள்ளே மணி பிளான்ட் வைத்தேன். கையில் எடுத்துக் கொஞ்சக் கூடாது, அடிக்கடி போய் எட்டிப் பார்க்கவும் கூடாது, பயந்துவிடும்.

கூண்டுக்கு இடம்? என் அறைதான். குளிர்காற்று படக் கூடாது என்று ஜன்னலையும் அடைத்தாயிற்று. இரைக்கு இரண்டு டஜன் வெட்டுக்கிளி வாங்கி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் டப்பாவில் வைத்திருக்கிறார்கள். முட்டைகூடத் தொடாத உன் புருஷன் தினமும் காலையில் அவற்றுக்குக் கோஸ் இலை போடுகிறான். சிரிக்காதே. வெளியே ஜூன் மாதத்திலிருந்து ஓயாத மழை. எல்லோரும் எட்டு மணிக்குக் கிளம்பிப் போனால், ஆறு மணி வரை நானும் அந்த வெட்டுக்கிளிகளும்தான்.

போன சனிக்கிழமை பச்சோந்தி வாங்கக் குடும்பத்தோடு கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பச்சோந்தியை இந்த நாட்டில் வளர்க்க அனுமதியே இல்லையாம்! இதை யாருமே விசாரிக்கவில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற வெற்றியும் கேட்கவில்லை, அளவு பார்த்துக் கூண்டு கட்டிய நானும் கேட்கவில்லை. நீ ஈரத்துணியில் சுற்றித் தந்த கறிவேப்பிலையையே விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டவர்கள், பச்சோந்தியை விடுவார்களா? எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

பிரணவி காரில் ஒரே அழுகை. அவளைச் சமாதானப்படுத்த, தாடி ஓணான் வாங்கலாம் என்றான் வெற்றி. ஆஸ்திரேலியப் பிராணி, அதற்கு இங்கே தடையில்லை. பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்குமாம். யார் பார்த்துக்கொள்வது என்று ஸ்வர்ணா கேட்டாள். அப்பா இருக்காரே என்றான் அவன், தலையைத் திருப்பாமல் காரை ஓட்டிக்கொண்டே. டிக்கெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தன் அலமாரியிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து, விசாவை நீட்டிக்க விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளை கெட்டவன் இல்லை. மாத்திரை தீரும் முன்னால் வாங்கி வைக்கிறான், என் அறைக்கென்று ஹீட்டர் வாங்கினான். ஆனாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது, தமயந்தி.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. இரண்டு பச்சோந்திகளை ஒரே கூண்டில் வைக்கக் கூடாதாம். ஒன்று மற்றதன் கண்ணில் படாமல் தனித்தனியாக வைக்க வேண்டுமாம். நம் பிள்ளைகளும் இதைப் படித்துவிட்டுத்தான், ஆளுக்கொருவராக நம்மைக் கூட்டிக்கொண்டு போனார்களோ என்னவோ. ஈரோட்டு வீட்டைப் பூட்டிப் பதினாலு மாதம் ஆகிறது. எனக்கு எழுபத்தொன்று, உனக்கு அறுபத்தாறு. இன்னும் எத்தனை பிறந்தநாள் பாக்கி இருக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்?

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே சனிக்கிழமை மாலை, வழக்கம்போல் வீடியோவில் பேசுவோம். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் கேட்கப் போகிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தேதியில் ஊருக்கு டிக்கெட் போடுங்கள் என்று. வெற்றி முகம் சுருங்கும். கௌரி கண்ணைக் கசக்குவாள். அப்போது நீ வழக்கமாக ஒன்று சொல்வாய், இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க, புள்ளைங்க பாவம் என்று. இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டாய். மூன்று தடவையும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நாளை இதைத் தபாலில் போடுவேன். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதே. தீர்க்க சுமங்கலியாக, என் கண் முன்னால் இரு.

எனக்காக நீ பரிந்து பேச வேண்டாம். இந்த ஒரு தடவை மட்டும் அதைச் சொல்லாமல் இரு. அது போதும்.

உன்,
கோதண்டராமன்