குப்பம்மாவை அழைக்கும் குடம்

ஜூன் 9, திங்கள்

வெயில். சித்தூர் முழுக்க மாம்பழ லாரிகள். நான் வேலை செய்யும் மாம்பழக்கூழ் பாக்டரியில் சீசன் நேரம், லீவு கேட்டால் சூப்பர்வைசர் தன் சொத்தைக் கேட்டதுபோல் பார்க்கிறார். ஞாயிறு மட்டும் கிடைத்தது.

ஞாயிறு பூவாடைக்காரி படையல்: கல்யாணத்துக்கு முன் வீட்டு சாமி குப்பம்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கூப்பிட்டு வந்து படைப்பது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மகள் திவ்யா கல்யாணம். வாங்க வேண்டியது: மஞ்சள் புடவை, மல்லி, வேப்பிலை (எதிர்வீட்டில் கேட்டுப் பறிக்க), கருவாடு. குப்பம்மாவுக்குக் கருவாடு இல்லாமல் படைத்தால் ஆகாது.

சாயங்காலம் திருப்பதியிலிருந்து கொழுந்தனார் பாஸ்கர் போன். நலம் விசாரிப்பு நீண்டபோதே சந்தேகம்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த வாட்டி கெணத்துல கொடம் மொண்டுக்கினு வர்றத லதா செய்யட்டும்." லதா அவர் மனைவி.

"ஏன்?"

"அண்ணன் இல்லியே. குப்பம்மா பூவோட பொட்டோட போனவங்க. சுமங்கலிதான் கூப்புடணும். நைனா இருந்தா அவரும் இதத்தான் சொல்வாரு."

வைத்துவிட்டேன். மாப்பிள்ளை பார்த்தது நான். மண்டபம் பிடித்தது நான். பெற்றதும் நான்தான். குடம் மட்டும் தூக்கக் கூடாது. கோபத்தில் இரண்டு தட்டு சோறு தின்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. பாக்டரியில் ஈ.

குப்பம்மா கதையை எனக்குச் சொன்னதே மாமனார்தான். அவர்கள் சொந்த ஊர் குடிபாலாவில், கிணற்றோரம், நான் புதுமருமகள். அவருடைய தாத்தாவைப் பெற்றவள் குப்பம்மா. வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சம். புருஷன் சின்னசாமி கரும்பு வெட்டத் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குக் கப்பலேறினான். இவளிடம் இரண்டு பிள்ளைகள், காய்ந்த நிலம், இந்தக் கிணறு. போனவனிடமிருந்து ஒரு தகவல் இல்லை, கடைசிவரை.

இவளே ஏர் பூட்டினாள். பொம்பளை ஏர் தொட்டால் மழை வராது என்று ஊரே சண்டைக்கு வந்ததாம். "ஆம்பள தொட்டப்ப மட்டும் கொட்டிச்சா?" என்றாளாம். இதைச் சொல்லும்போது மாமனாருக்குச் சிரிப்பு தாங்காது.

பங்காளிகள் பொட்டை அழி என்றார்கள். "செத்தத கண்ணால பாத்த ஆள் வந்து சொல்லட்டும், அழிச்சிக்கிறேன்." யாரும் வரவில்லை. தலை நரைத்தும் பூ வைத்தாள், அப்படியே செத்தாள். சுமங்கலி. அதனால் இந்த வீட்டு சாமி.

ஜூன் 12, வியாழன்

லதா போன். "எந்துக்கக்கா, ஏன் கோபம்? நானா கேட்டேன்?" பாவம், அவள் கேட்கவில்லைதான். ஆனால் அடுத்த மூச்சில், "படைக்கிற பொடவ மஞ்சள்ல வேணாங்க்கா, எங்கிட்ட நெறைய இருக்கு." குடம் எடுப்பவளுக்குத்தான் படையல் புடவை. நிறம்வரை பேசி முடித்துவிட்டார்கள்.

மஞ்சள்தான் வாங்கினேன். வேண்டுமென்றே.

திவ்யா: "உடும்மா, ஒரு கொடம்தானே."

ஒரு குடம்தான் என்றால் அவர்கள் விட வேண்டியதுதானே. கத்திவிட்டேன். அழுதாள். கல்யாணப் பெண்ணை அழ வைத்ததற்கும் பாஸ்கர் மேல்தான் கோபம்.

ஜூன் 14, சனி

கருவாடு வாங்கியாயிற்று. வீடெல்லாம் நாற்றம். பாஸ்கர் வாட்ஸ்அப்பில் பூஜை முறை அனுப்பியிருக்கிறார். முதல் வரியே "கிணற்றில் நீர் எடுத்தல்: திருமதி லதா". அவர் அண்ணன் இருந்திருந்தால் போனைப் பிடுங்கி எறிந்திருப்பார். இல்லை, எறிந்திருக்க மாட்டார். பேசாமல் குடத்தைக் கழுவி என் கையில் கொடுத்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்.

ஜூன் 15, ஞாயிறு

குடிபாலா. காலையிலேயே அனல். பங்காளி வீட்டார் எல்லாரும் கிணற்றடியில். லதா பட்டுப்புடவையில், இடுப்பில் குடம். என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார் பாஸ்கர். தள்ளி! அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"பாஸ்கர், சின்னசாமி எப்ப செத்தாரு?"

"எந்த சின்னசாமி?"

"குப்பம்மா ஊட்டுக்காரரு."

"அது யாருக்குத் தெரியும் அண்ணி?"

"குப்பம்மாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பங்காளிப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

"கப்பல்லயே செத்திருப்பாரு. கரும்புத் தோட்டத்துல செத்திருப்பாரு. அவளுக்கு சாவு சேதி வர்ல, பூ வெச்சிக்கினா. நீங்க சாமின்னு கும்புடறீங்க. எனக்கு ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துட்ச்சி. அதான் நான் செஞ்ச தப்பா? அந்த போன எடுக்காம உட்டிருந்தா நானும் சாமியா?"

திவ்யா வந்து என் பக்கத்தில் நின்றாள். லதா குடத்தை என் கையில் வைத்தாள். பாஸ்கர் கற்பூரம் தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இறங்கினேன். படி வழுக்கல், தண்ணீர் வெகு கீழே. மொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

தடுத்திருக்கலாம். சொல்ல இன்னும் நிறைய இருந்தது.