அப்பா தவறிட்டார், என்ன செய்யணும்?

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். தி. நகர் முழுக்கச் சேறு. செருப்பு வார் அறுந்தது.

ஆபீசில் புது வேலை. க்ளையன்ட், மயிலாப்பூரில் இறந்தவர்களைக் கிடத்தும் ஐஸ் பெட்டி வாடகைக்குக் கொடுக்கும் குமார் அண்ணன். இப்போதெல்லாம் ஆட்கள் ஏஐயிடம்தான் கேட்கிறார்களாம். நாம் இருபது கேள்விகள் பொறுக்கிக் கொடுத்தால், ஒரு மென்பொருள் தினமும் அவற்றை ஏஐயிடம் கேட்டு, பதிலில் அவர் கம்பெனி பெயர் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்.

எந்தக் கேள்விகள் என்பது என் தலையில். எங்கள் முதலாளி ரமேஷ் சார் எழுதி வைத்திருப்பவை: ‘சென்னையில் சிறந்த ஃப்ரீசர் பாக்ஸ் சர்வீஸ் எது?’, ‘நம்பகமான இறுதிச்சடங்கு நிறுவனங்கள்’. வீட்டில் ஒரு உயிர் போன நேரத்தில் எவன் இப்படிக் கேட்பான்?

ஐஸ் பெட்டி என்றதும் பக்கத்து நாற்காலி நிவேதா என்னைப் பார்த்தாள். சித்திரையில்தான் என் அப்பா போனார். “நான் எடுத்துக்கட்டுமாடி?” என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். வீம்பு.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. மயிலாப்பூர், குமார் அண்ணன் கடை. பெட்டிகள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தேன்.

“போன்ல ஜனங்க எப்படிண்ணா கேப்பாங்க?”

“பெஸ்ட் சர்வீஸ் எதுன்னா கேப்பாங்க? இன்னா மேடம் நீங்க. ‘அப்பா தவறிட்டாரு, இன்னா பண்றதுன்னே தெர்ல’ம்பாங்க. அப்பால அழுவாங்க. நான் லைன்லயே இருப்பேன்.”

அப்படியே எழுதிக்கொண்டேன். அப்பா போன அன்று தம்பிக்குப் போன் செய்து நானும் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். செத்துட்டார் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நவ. 6, வியாழன்

அதையே முதல் கேள்வியாகப் போட்டேன். ‘அப்பா தவறிட்டார், என்ன செய்யணும்?’ பதில்:

‘தவறு செய்வது மனித இயல்பு. கோபப்படாமல் அப்பாவுடன் உட்கார்ந்து பேசுங்கள். அவர் பக்க நியாயத்தையும் கேளுங்கள்.’

நிவேதா சிரித்துவிட்டாள். நானும். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரமேஷ் சார்: “க்ளையன்ட் பேரே வரலையேம்மா. அந்த வார்த்தையை எடுத்துட்டு ‘மரணம்’னு மாத்திப் போடு.”

“அப்படி யாரும் பேச மாட்டாங்க சார்.”

கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கச் சம்மதித்தார். ஆனால் குமார் அண்ணன் வெப்சைட்டில் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஏஐ அதைப் படித்தால் திருந்துமாம்.

சாயங்காலம் கே.கே. நகர், வீடு. அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“கோபப்படாமன்னா சொல்லுச்சு?”

“ஆமாம்மா.”

“அன்னிக்குக் காலைல பிரஷர் மாத்திரை போடலைன்னு கத்திட்டேன். அப்புறம் முகம் குடுத்தே பேசல. மத்தியானம் போயிட்டார்.”

இது எனக்குத் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அப்பா போன நாளிலிருந்து அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை.

நவ. 10, திங்கள்

செருப்பு தைக்க. அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். கேஸ் புக் பண்ண.

ஏஐ அதே பாட்டு. இன்று, ‘மனம்விட்டுப் பேசினால் தீராத பிரச்சினை இல்லை.’

அம்மா தினமும் கேட்கிறாள், “இன்னிக்கு என்ன சொல்லுச்சு?” சொல்கிறேன். “பேசியிருக்கணும்தான்” என்று தலையாட்டிக்கொள்கிறாள். பிறகு கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுகிறாள். அந்தப் பதிலில் அப்பா இன்னும் இருக்கிறார், உள் அறையில் கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்கும் அதைப் படிக்கப் பிடித்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

நவ. 12, புதன்

பக்கத்தை எழுதி முடித்தேன். முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் தரும் சான்றைப் பத்திரமாக வையுங்கள். தனியாக இருக்காதீர்கள், பக்கத்து வீட்டைத் தட்டுங்கள். அன்று எனக்கு யாரும் சொல்லாதவை.

குமார் அண்ணன் போனில்: “கரீட்டா கீது மேடம். நம்ப ஆளு பேசற மாதிரியே கீது.”

நவ. 18, செவ்வாய்

நல்ல வெயில். ஏஐக்குப் புரிந்துவிட்டது.

‘உங்கள் அப்பாவின் மறைவுக்கு வருந்துகிறேன். முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள்…’ பாதி என் வரிகள். கீழே குமார் அண்ணன் கம்பெனி பெயர், முதலாவதாக. ரமேஷ் சார் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோருக்கும் வடை.

நான் கேட்டதும் இதுதானே. இனி எவளோ ஒருத்தி அழுதுகொண்டே கேட்டால் சரியான பதில் வரும். நல்லதுதான். என் வடையை மட்டும் நிவேதா பக்கம் தள்ளிவிட்டேன்.

வீடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

“இன்னிக்கு என்ன சொல்லுச்சு?”

“அதேதாம்மா. கோபப்படாம உக்காந்து பேசச் சொல்லுது.”