காலியாகாத கூடை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருந்தால் எனக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளைக் கறுப்பாக்குகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், வேலை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எழுந்துபோய்ச் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். அதனால்தான் சின்னவன் வேலைக்குப் போகிறானா என்று நீ கேட்கும்போதெல்லாம் உன் அம்மா ம் கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள். போகவில்லை கண்ணு. அவனை நிறுத்திவிட்டார்கள், இனி எங்கேயாவது எடுப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு விட்டுப்போயிற்று. கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அவன் வேலை பார்த்த சலவைக்கூடத்தை நீ பார்த்ததில்லை. பெரிய ஓட்டல் ஒன்றின் பின்பக்கம், ஆவியும் சோப்பு வாசனையுமாக இருக்கும், மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. ஜன்னலோர மேஜை இவனுடையது. இடது கைப்பக்கம் கூடை, வலது கைப்பக்கம் அலமாரி, கூடையிலிருந்து துண்டை எடுத்து மடித்து அலமாரியில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஆனால் இவன் மடித்தால் ஓரமும் ஓரமும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி சேர்ந்திருக்கும். இவன் மாதிரிப் பிள்ளைகளை வேலைக்குப் பழக்குகிற சேவை மையத்திலிருந்து ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தாளே, இவன் டீச்சர் டீச்சர் என்று உருகுவானே, எல்லாம் அவள் புண்ணியம். கடிகாரம் இவனுக்குப் பிடிபடவில்லை, அதனால் கூடை காலியானால் வேலை முடிந்தது என்று ஒன்றே ஒன்றைத்தான் அவள் சொல்லிக்கொடுத்தாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் கூடையில் எவ்வளவு துணி இருந்தாலும் அதைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்துவிடுவாள். கண்ணெதிரே கூடை இல்லையென்றால் இவன் தானாகக் கை கழுவப் போய்விடுவான், சாப்பிட்டு வந்ததும் திரும்ப எடுத்து வைப்பாள். இதை யாரும் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை, அவனைக் கூட்டிவரப் போன நேரங்களில் நானும் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு மறந்துவிட்டேன்.

பிறகு மையத்தில் இவனைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு புகாரும் இல்லை, மட்டம் போட்டதே இல்லை, இவன் இனி சொந்தக் காலில் நிற்கிறான் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அன்றைக்கு எடுத்த போட்டோதான் உனக்கு அனுப்பினோமே, வாயெல்லாம் பல்லாக நிற்பானே, அது. சொந்தக் காலில் நிற்கிறவனுக்குத் துணை எதற்கு என்று அதே கூட்டத்தில் டீச்சரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் நிக்கிறதாலதான் மேடம் அவன் நிக்கிறான் என்று அவள் சொல்லிப் பார்த்தாளாம், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. லிஃப்ட் மெக்கானிக்காகவே காலத்தைத் தள்ளியவன் நான். லிஃப்ட் இத்தனை நாளாக விழவே இல்லை, ஆகவே தாங்குகிற ரோப்பைக் கழற்றிவிடலாம் என்று எந்த மடையனும் சொல்லி நான் கேட்டதில்லை. இவர்கள் சொன்னார்கள், நாங்களும் பக்கத்தில் நின்று கைதட்டினோம்.

டீச்சர் போகும்போது சூப்பர்வைசரிடம் கூடை விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனாள், அவரும் செய்துகொண்டிருந்தார், பிறகு அவர் போய்ப் புதியவர் ஒருவர் வந்தார். புதியவர் கெட்டவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இவன மாதிரி நாலு பேர் இருந்தா போதும்டா என்று எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டுவாராம். கூடை குறையக் குறைய நிரப்பச் சொன்னார், மற்றவர்களும் சாக்குக் கிடைத்தது என்று தங்கள் துணியையும் இவன் பக்கம் தள்ளினார்கள். கூடை காலியாகவே இல்லை. இவன் சாப்பிடப் போகவில்லை, ஒன்றுக்குப் போகவில்லை, சாயங்காலம் கூடத்தை மூட வருகிறவர் கூடைகளை எடுத்துக்கொண்டு போகும் வரை நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறான். சாப்பாட்டு டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. உன் அம்மா தன் கைப்பக்குவத்தில்தான் கோளாறு என்று தினம் ஒன்றாக மாற்றி மாற்றிச் சமைத்தாள், இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒருத்தனுக்காவது தைரியம் வந்ததே என்று நான் கிண்டல் வேறு. அவன் இளைத்துக்கொண்டே வந்தான், டாக்டரிடம் காட்டிப் பசிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தோம் பார், அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

ஒருநாள் மதியம் போன் வந்தது, உங்க பையன் கலாட்டா பண்றான், உடனே வாங்க என்று. பதறிக்கொண்டு ஓடினேன். நின்ற நிலையிலேயே பேன்ட்டை நனைத்துவிட்டிருக்கிறான். யாரோ சிரித்திருக்கிறார்கள், சூப்பர்வைசர் பாவம் பார்த்து வெளியே கூட்டிப்போக இழுத்திருக்கிறார், இவன் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறி ஒரு தள்ளு தள்ளியதில் அவர் விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. நான் போனபோது எல்லோரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், இவன் அழுதுகொண்டே துண்டு மடிக்கிறான். என்னைப் பார்த்ததும், இன்னும் காலியாகலப்பா என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடையைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்தேன். அழுகை அப்படியே நின்றது, நனைந்த பேன்ட்டோடு போய்க் கை கழுவிக்கொண்டு வந்து டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். அத்தனை பேர் முன்னாலும் நான் அழுதுவிட்டேன். சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன், முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே எடுத்து வெச்சிருப்பேனே சார் என்றார், மனதாரத்தான் சொன்னார். சரி, இனிமேல் செய்யுங்கள் என்றேன். நான் செய்வேன் சார், நான் லீவு போட்டா யாரு செய்வா, மேல கேட்டா என்ன பதில் சொல்றது, விட்டுடுங்க சார் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது சொல்.

மையத்துக்குப் போனேன். மையத்தை நடத்துகிற அந்த மேடம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துத்தான் பேசினாள். துணைக்கு ஆள் அனுப்புவது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமாம், இவனுக்கு இப்போது வேலை இல்லையாம். சரி, வேலை தேடிக் கொடுங்கள் என்றால், ஒருவரைத் தள்ளிவிட்டவனைத் துணை இல்லாமல் எந்த இடத்துக்கும் அனுப்ப மாட்டார்களாம். இந்தக் கதவைத் தட்டினால் அந்தக் கதவு, அந்தக் கதவைத் தட்டினால் இந்தக் கதவு. டீச்சரையாவது திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன், அவள் இந்த வேலையே வேண்டாமென்று ஏதோ துணிக்கடைக்குப் போய்விட்டாளாம். வேலையே செய்ய முடியாதவர்களுக்குப் பகல்நேரக் கூடம் ஒன்று இருக்கிறது, பாருங்கள் என்றாள். போய்ப் பார்த்தோம். சுவரோரம் வரிசையாக நாற்காலி, சத்தமாக டி.வி., தலை நரைத்த ஆள் ஒருவர் குழந்தைப் புத்தகத்தில் வாத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். இவன் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டே வந்தான், எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும், அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்குத் தெரியவில்லை. அந்த நாற்காலிக்குக்கூட இப்போது இடமில்லையாம், காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதும் தினம் காலையில் குளித்துச் சீருடை போட்டுக்கொண்டு, முன்பு வேலைக்கு ஏற்றிப்போன வேனுக்காக நிற்கிறான். பார்க்கச் சகிக்காமல் உன் அம்மா ஒரு கூடை வாங்கி வந்து வீட்டுத் துணிகளைப் போட்டுக் கொடுத்தாள். மூன்று பேர் துணி எவ்வளவு நேரத்துக்கு வரும். முடிந்ததும் அவள் உள்ளே எடுத்துப்போய் உதறிக் கலைத்துத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறாள். நேற்று ஒரு போர்வையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா இது நான் மடிச்சதும்மா என்றான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் அதையே மறுபடி மடித்தான். அவனுக்குப் புரியாது என்று ஊரெல்லாம் சொல்கிறது, புரியாமலே இருந்திருந்தால் தேவலை.

நீ இதைப் படித்துவிட்டு வேலையை விட்டு ஓடிவருகிறேன் என்று கிளம்பாதே. அவனை நீ இருக்கும் நாட்டுக்கு அழைத்துக்கொள்ளவும் முடியாது என்று நீ விசாரித்துச் சொன்னதை நான் மறக்கவில்லை, உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, துணி உதறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், என் கையும் முன்பு போல இல்லை, இந்தக் கோணல் எழுத்தே சொல்லும். எங்களுக்குப் பிறகு என்று யோசிக்கத் தொடங்கினால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நிஜமாகவே இருட்டாகத்தான் இருக்கிறது, உன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. பேத்தி கணக்கில் பின்தங்குகிறாள் என்று அடிக்கடி சலித்துக்கொள்கிறாய், குழந்தையைத் திட்டாதே.

எங்கள் ஆசீர்வாதம் உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள். நாளைக்கு அவன் எந்த இடத்தில், யார் பொறுப்பில் இருந்தாலும் நீ கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், சாப்பாட்டு நேரத்தில் அவன் முன்னாலிருந்து கூடையை எடுத்துவிடுங்கள் என்று. ஆள் மாறினால் அந்த ஆளிடமும் சொல், சலிக்காமல் சொல். எங்களுக்குப் பிறகு இது தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இந்தக் கடிதத்தை மடிக்க அவனிடம்தான் கொடுக்கப்போகிறேன், காலையிலிருந்தே காத்திருக்கிறான். சில தாள்களோடு முடிந்துவிட்டால் முகம் வாடிவிடும், அதனால் எழுதாத தாள்களையும் சேர்த்துக் கூடையில் போட்டிருக்கிறேன். உறைக்குள் வெறும் தாளாக வருகிறதே என்று பயப்படாதே, அவையும் அவன் மடித்தவைதான்.

இப்படிக்கு,
உன் அப்பா